அந்த ஒரு மணி நேரம் யார் சொன்னது? பெங்களூரு–சேலம்–தஞ்சாவூர் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு பீன்யாவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். ஒரு லாட் திரும்பி வந்துவிட்டால், யார் மேல் தப்பு என்று கத்துவதற்கு முன்னால் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். என்ன திட்டம், என்ன நடந்தது, எந்த இடத்தில் விலகியது, ஏன் விலகியது. ஷாப் ஃப்ளோரில் இதற்கு ஒய்-ஒய் என்று பெயர். ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் வரும் பதில் பெரும்பாலும் மெஷின் ஓட்டியவனைக் காட்டாது, ஏசி அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டவனைத்தான் காட்டும். 2025 ஆயுத பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு காரில் ஊருக்குப் போய், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நடுவழியில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், பார்க்க நினைத்த கோயிலையும் சரியாகப் பார்க்காமல் திரும்பினோம். அதற்கும் ஒரு ஒய்-ஒய் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. என் மனைவி சிரித்தாள். எழுதி முடித்தபோது நான் சிரிக்கவில்லை.

ஆட்கள் ஐந்து பேர். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், அம்மா. அம்மாவுக்கு 68 வயது, பதினான்கு வருடமாகச் சர்க்கரை. கார் ஏழு வருடப் பழசு, சின்னது, டிக்கியில் இரண்டு பெட்டி வைத்தால் மூன்றாவதை மடியில்தான் வைக்க வேண்டும். வீடு ஸ்ரீராம்புரத்தில்.

திட்டம்

எக்செல்லில் போட்டேன். அக்டோபர் 1, புதன்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்புவது. 200 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், பத்து மணிக்குச் சேலம் அம்மாபேட்டையில் சின்னம்மா வீடு. அம்மாவின் தங்கை அவர். அங்கே ஒரு மணி நேரம். பதினொன்றுக்குக் கிளம்பி நாமக்கல், ஆஞ்சநேயர் கோயிலுக்கு 45 நிமிடம், அப்புறம் அரை மணியில் சாப்பாடு, திருச்சி வழியாக மாலை நான்கு மணிக்குத் தஞ்சாவூரில் அக்கா வீடு. நடை திறக்கிற நேரத்துக்குப் பெரிய கோயில். மொத்தம் சுமார் 400 கிலோமீட்டர்.

பார்க்கும் இடங்களுக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தேன், சாலைக்கு நீலம். சொந்தக்காரர்கள் வீட்டுக்குச் சாம்பல் நிறம், அதாவது டீ குடிக்க நிறுத்தும் இடத்துக்குக் கொடுத்த அதே நிறம். அப்போது இது கண்ணில் படவில்லை.

அன்று நடந்தது

நேரத்தை எல்லாம் நினைவிலிருந்து எழுதவில்லை. நினைவை நம்பி எழுதினால் எல்லாத் தாமதமும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலின் தலையில் போய் விழும், பெங்களூருக்காரர்களுக்கு அது வசதி. நான் எடுத்தது ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகள். 2021 பிப்ரவரியில் இதைக் கட்டாயமாக்கியபோது புலம்பியவர்களில் நானும் ஒருவன், ஆனால் ஒவ்வொரு சுங்கச்சாவடியையும் எத்தனை மணிக்குத் தாண்டினோம் என்று நிமிடம் பிசகாமல் அது சொல்லிவிடுகிறது. அதோடு கடைகளில் ஜிபேயில் கட்டிய நேரம், செல்போனில் எடுத்த படங்களின் நேரம். இந்த மூன்றையும் வரிசையாக அடுக்கினால் ஒரு நாள் முழுவதும் கண் முன்னால் வந்துவிடும், நாம் சொல்லிக்கொண்டு திரிந்த கதையும் அதோடு உடைந்துவிடும்.

ஆயுத பூஜை அன்று காலையில் ஸ்ரீராம்புரத்தில் கார் எடுப்பது எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வண்டிக்குப் பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அது நியாயம்தான். ஐந்தரைக்குக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நிமிர்ந்தால், தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் பந்தல் போட்டு ஸ்பீக்கர் வைத்துவிட்டார்கள். பதினோரு ஆட்டோ வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றாகப் பூஜை. அவர்கள் பண்டிகை நாளில் போய் நகரச் சொல்ல முடியுமா? தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எங்கள் காருக்கும் சேர்த்துச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்து வழி விட்டபோது மணி 7.20. (உடைத்த பூசணியை ஓரமாகத் தள்ளிவிடுங்கள், அன்று மட்டும் மடிவாளா போவதற்குள் இரண்டு பைக் சறுக்கியதைப் பார்த்தேன்.)

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துச் சுங்கம் 8.22. அந்தப் பாலம் 2010இல் திறந்தது, ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், சில்க் போர்டிலிருந்து அலுங்காமல் கொண்டுபோய் இறக்கிவிடும். இறக்கிவிட்ட பிறகுதான் பிரச்சினை. பொம்மசந்திரா, சந்தாபுரம் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் ஊருக்குப் போகும் பாதி பெங்களூரு நிற்கிறது. தலைக்கு மேல் ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோ பொம்மசந்திரா வரை போகிறது, கீழே நாங்கள் ஒன்றாம் கியரில் அரைத்துக்கொண்டிருக்கிறோம். அத்திப்பள்ளி 9.05. கிருஷ்ணகிரி 10.02. அதாவது சின்னம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டிய நேரத்தில் நாங்கள் பாதி வழிகூட வரவில்லை.

கிருஷ்ணகிரியில் நிறுத்திச் சாப்பிட்டிருக்கலாம். மனைவி கேட்டாள். "வேணாம், வேணாம், அவ இட்லி ஊத்தி வெச்சிருப்பா" என்றார் அம்மா. முந்தைய நாள் இரவு சின்னம்மா போனில் சொன்னது எனக்கும் காதில் இருந்தது: "வெளியில ஒண்ணும் சாப்பிட்டுத் தொலைக்காதீங்க கண்ணு, நேரா இங்க வந்துடுங்க." பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் பொரியும் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

பாளையத்தில் 33 நிமிடம்

தருமபுரி தாண்டிப் பாளையம் சுங்கச்சாவடி, 11.06. அதற்கு அப்புறம்தான் தொப்பூர் கணவாய் இறக்கம். NH 44இல் பெங்களூரு–சேலம் போகிற யாரைக் கேட்டாலும் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இடம் அது. நீளமான இறக்கம், நடுநடுவே வளைவு. பாரம் ஏற்றிய லாரி பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் கேட்கவே வேண்டாம். கார் ஓட்டுகிறவர்களுக்கும் அதே கணக்குதான், கியரைக் குறைத்து என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும்.

நான் கியரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மகள், "அப்பா, பாட்டிக்கு வேர்க்குது" என்றாள். ஏசி ஓடுகிறது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்வை. "என்னம்மா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு கணம் கூடுதலாக ஆகிறது. கை நடுங்குகிறது. இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஓரமாக ஒரு டீக்கடை இருந்தது, நிறுத்திவிட்டேன். இரண்டு நிமிடம் தள்ளிக் கவனித்திருந்தால் கணவாய் நடுவில், நிறுத்த இடமில்லாமல், பின்னால் லாரிகளோடு மாட்டியிருப்போம். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

சர்க்கரை பார்க்கிற மெஷின் இருந்தது. எங்கே? டிக்கியில், அடிப்பெட்டியில், புடவைகளுக்குக் கீழே. நான் பெட்டியை இழுத்துத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி மெஷினுக்குக் காத்திருக்கவில்லை. பையன் கையிலிருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். குடித்துப் பாதி ஆன பிறகுதான் மெஷினில் பார்த்தோம், 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 83. அப்புறம் டீக்கடையில் இரண்டு பன் வாங்கி அம்மாவைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தோம். அந்த நிலையிலும் அவர் சொன்னது, "ஒண்ணு போதும்டா, அங்க போய் இட்லி சாப்பிடலைன்னா அவ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா."

பெங்களூரு திரும்பியதும் அம்மாவின் மருத்துவரிடம் போனோம். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இந்த எழுத்தில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி இதுவாகத்தான் இருக்கும். அம்மா சாப்பிடுகிற இரண்டு மாத்திரைகளில் ஒன்று சல்போனைல்யூரியா வகை. அது கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே வரவைக்கும், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. அதனால் தட்டு முன்னால் வந்த பிறகுதான் போட வேண்டும். அம்மா வழக்கம்போலக் காலை 6.30க்குப் போட்டுவிட்டார், ஏனென்றால் வீட்டில் ஏழு மணிக்கு டிபன். அன்றைக்கு டிபன் சேலத்தில் இருந்தது. மாத்திரை போட்டு நாலரை மணி நேரம், நடுவில் ஒரு டம்ளர் டீ மட்டும். நடுக்கமோ வேர்வையோ வந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், உடனே. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். இதெல்லாம் பதினான்கு வருடத்தில் யாராவது எங்களிடம் சொல்லியிருப்பார்கள். கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அம்மாபேட்டை

ஓமலூர் சுங்கம் 12.04. சின்னம்மா வீட்டு வாசல் 12.35.

சித்தப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான கொட்டகை, நான்கு பேர் வேலை செய்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் தெரிந்தது, பட்டறை பூஜை இன்னும் ஆகவில்லை. எங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான்கு பேரும் குளித்து வெள்ளை வேட்டி கட்டிப் பத்து மணியிலிருந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பூஜை முடிந்துதான் அவர்களுக்குப் போனஸும் வேட்டி துண்டும், அதற்கப்புறம்தான் அவர்கள் வீட்டுக்குப் போக முடியும். "நீங்க பத்து மணின்னுதானே சொன்னீங்க, அக்கா கையால விளக்கு ஏத்தணும்னு வெச்சிருந்தோம்" என்றார் சித்தப்பா. கோபமே இல்லாமல் சொன்னார். அது இன்னும் மோசம். பூசாரி வந்து பார்த்துவிட்டு அடுத்த பட்டறைக்குப் போய்விட்டார், அவரை மறுபடி கூப்பிட்டு வர ஆள் போயிருந்தது.

அம்மாவுக்கு மட்டும் உடனே இட்லி வைத்தார்கள். காலையில் ஊற்றியது, ஆறி, மறுபடி ஆவி காட்டியது. நாங்கள் காத்திருந்தோம்.

சேலத்தை விட்டுக் கிளம்பியது 4.25. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. நாமக்கல்லை 5.30 வாக்கில் கடந்தோம், கோயில் திறந்துதான் இருந்தது, ஆனால் தஞ்சாவூரிலிருந்து அக்கா போன் மேல் போன். நாமக்கல் மலைக்கோட்டையைக் கார் ஜன்னல் வழியாகப் பையனுக்குக் காட்டினேன், அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வழியில் ஒரு டீக்கு மட்டும் நிறுத்தி, இருட்டில் திருச்சி நெரிசலில் ஊர்ந்து, அக்கா வீட்டை அடைந்தபோது இரவு 9.10. பெரிய கோயில் எட்டரைக்கே சாத்தியாகிவிட்டது.

மறுநாளாவது பார்த்தோமா என்றால், பார்த்தோம், மத்தியானம் ஒரு மணிக்கு. காலையில் அக்கா விடவில்லை, அவள் பங்குக்கு அவளும் இடியாப்பம் பிழிந்து வைத்திருந்தாள். பன்னிரண்டரைக்குச் சன்னதி சாத்தினால் நான்குக்குத்தான் திறப்பார்கள். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயில், 216 அடி விமானம், 1987இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது என்று மகளுக்கு நான் பாடம் நடத்திக்கொண்டிருக்க, பையன் கருங்கல் தரையில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டிருந்தான். அந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சின்ன வயதில் எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகவே விழுகிறது. வடக்குச் சுவரை ஒட்டிச் சில அடி அகலத்துக்கு நிழல் இருந்தது, பையன் அதில் போய் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றுவிட்டான். கோயிலில் எடுத்த எல்லாப் படங்களும் அந்த ஒரே சுவரோரம்தான்.

கணக்கு

சேலத்திலிருந்து கிளம்பும் வரை தாமதம் 5 மணி 25 நிமிடம். அதைப் பிரித்துப் போட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பியதில் 80 நிமிடம். சேலம் வரை சாலையில் 42 நிமிடம், அதிலும் பெரும்பகுதி அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம். பாளையத்தில் 33. மீதி 170 நிமிடம் சின்னம்மா வீடு. சேலத்துக்கு அப்புறம் ஓட்டத்தில் இன்னொரு 40 நிமிடம் போனது, நாமக்கல்லையும் சாப்பாட்டு நேரத்தையும் வெட்டியதால் கொஞ்சம் திரும்பி வந்தது.

ஆக, ஊரெல்லாம் திட்டிக்கொண்டு போன சாலையில் நாங்கள் தொலைத்தது மொத்தம் 82 நிமிடம். இரண்டு வீட்டு வாசல்களில் தொலைத்தது 250 நிமிடம். ஆபீஸில் எல்லோரிடமும் "ஓசூர் ரோட்ல மாட்டிக்கிட்டோம்பா" என்று சொல்லி வைத்திருந்தேன்.

சரி, சின்னம்மா வீட்டில் ஆன 3 மணி 50 நிமிடத்தையும் படங்களின் நேரத்தை வைத்துப் பிரித்தேன். பூசாரிக்குக் காத்திருந்தது 55 நிமிடம், பூஜை 40, சாப்பாடு 70, புறப்படும்போது வாசலில் நின்று பேசியது 20. மீதி 45 நிமிடம் அம்மாவும் சின்னம்மாவும் உள்ளறையில் இருந்தார்கள். கதவு சாத்தவில்லை, ஒருக்களித்திருந்தது. அந்த 45 நிமிடத்தில் நான் மூன்று தடவை போய் நிலைப்படியில் கார் சாவியோடு நின்றிருக்கிறேன். மூன்று என்று எப்படித் தெரியும் என்றால், மகள் அப்போது செல்போனில் எடுத்த ஒரு வீடியோவில் நான் பின்னால் மூன்று தடவை போய் வருகிறேன். சாவியை ஆட்டுகிற சத்தம்கூடக் கேட்கிறது. அவர்கள் இருவரும் நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஏன், ஏன்

அம்மாவுக்கு ஏன் சர்க்கரை இறங்கியது? மாத்திரை போட்டுச் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை? சின்னம்மா வீட்டில் இட்லி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலேயே தாமதம் தெரிந்ததே, அப்போதாவது ஏன் சாப்பிடவில்லை? வெளியே சாப்பிட்டுவிட்டுப் போனால் அவர் வருத்தப்படுவார். சின்னம்மாவுக்குப் போன் செய்து, நேரமாகிறது, மாத்திரை போட்டாச்சு, இங்கேயே சாப்பிட்டு வருகிறோம் என்று ஏன் சொல்லவில்லை? போன் செய்தால் "எத்தனை மணிக்கு வர்றீங்க" என்பார், பன்னிரண்டரை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதே ஏன் இன்னொரு பக்கமும் ஓடுகிறது. பட்டறை பூஜைக்குக் காத்திருப்பதைச் சித்தப்பா ஏன் சொல்லவில்லை? சொன்னால் நாங்கள் பதறி வேகமாக ஓட்டுவோம் என்று. அம்மா கையால் விளக்கு ஏற்ற வேண்டும் என்பதை முதல் நாள் இரவே ஏன் சொல்லவில்லை? நான்தான் "சும்மா தலையைக் காட்டிட்டுக் கிளம்பிடுவோம் சின்னம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். அதை அவர் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். நியாயம்தானே, யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் சொல்வோம், அவர்களும் அப்படியே விட்டுவிடவா செய்கிறார்கள்? ஆனால் நான் அந்தப் பேச்சையே எக்செல்லில் ஒரு மணி நேரம் என்று போட்டு வைத்திருந்தேன். அவர் சொன்ன "வெளியில சாப்பிடாதீங்க" என்பதோ உண்மையில் உபசாரப் பேச்சு, அதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் அக்கறையாகப் பேசி, அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு சர்க்கரை நோயாளியை நாலரை மணி நேரம் பட்டினி போட்டிருக்கிறோம்.

கடைசி ஏன்: ஒரு மணி நேரம் என்கிற எண்ணை யார் கொடுத்தது? சின்னம்மா கொடுக்கவில்லை, அம்மா கொடுக்கவில்லை. அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. நாமக்கல்லுக்கு 45 நிமிடம் என்று போடுவதற்கு எத்தனையோ வீடியோ பார்த்தேன், பார்க்கிங் எங்கே, கூட்டம் எப்போது குறைவு என்றெல்லாம். தஞ்சாவூருக்கு நடை திறக்கிற நேரம் வரைக்கும் குறித்து வைத்தேன். தங்கையோடு எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ஜனவரி

குடியரசு தினம் திங்கட்கிழமை வந்தது, சனி முதல் மூன்று நாள். இந்தத் தடவை முதலில் அம்மாவைக் கேட்டேன். "ரெண்டு ராத்திரி" என்றார், யோசிக்கவே இல்லை. அப்படியானால் தஞ்சாவூர் கிடையாது. அக்காவுக்கு அதில் வருத்தம், இன்னும் முழுசாகத் தீரவில்லை, அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். ஒரு வீட்டில் குறைத்த தாமதம் இன்னொரு வீட்டில் கோபமாகப் போய் நிற்கிறது.

மாற்றியவை கொஞ்சம்தான். மாத்திரை டப்பா, மெஷின், குளுக்கோஸ் பொட்டலம், ஜூஸ் நான்கும் ஒரு சின்னப் பையில், அது மகள் மடியில். மாத்திரையைத் தட்டு வந்த பிறகுதான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்தப் பொறுப்பும் மகளுக்கு. அவள் இதில் என்னைவிடக் கறார். இட்லி விஷயத்தை நான் பேசிக் கெடுத்துவிடுவேன் என்று அம்மாவே சின்னம்மாவுக்குப் போன் போட்டார். "நான் வழியில சாப்பிட்டுத்தான் வருவேன், மாத்திரை இருக்கு, நீ மத்தியானத்துக்குப் பண்ணு" என்றார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "உன் பையன் சொல்லிக் குடுத்தானா?" அம்மா சிரித்து, இல்லை என்றார். அவ்வளவுதான். அக்டோபரில் நான் பயந்து தவிர்த்த அந்த உரையாடல் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை.

சனிக்கிழமை அதிகாலை 4.50க்குக் கிளம்பினோம், திட்டம் நாலரை. எலக்ட்ரானிக் சிட்டி 5.31, அத்திப்பள்ளி 5.49, கிருஷ்ணகிரி 6.38. அங்கே 45 நிமிடம் உட்கார்ந்து டிபன், மாத்திரை, கழிப்பறை. பாளையம் 8.32. கணவாயில் மூன்றாம் கியரில் இறங்கினேன், அம்மா பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாபேட்டை 9.30. அன்று முழுக்க நான் எதையும் குறிக்கவில்லை. சாயந்திரம் தட்டுவடை செட் சாப்பிட்டதும், பையன் பட்டறையில் கொலுசு முத்து கோக்கக் கற்றுக்கொண்டதும்தான் நினைவு. சித்தப்பா அவனுக்குக் கூலி என்று பத்து ரூபாய் கொடுத்தார், அதை இன்னும் செலவழிக்காமல் வைத்திருக்கிறான்.

ஞாயிறு காலை நாமக்கல். சின்னம்மாவும் வருகிறேன் என்றார். சேலத்திலிருந்து 55 கிலோமீட்டர்தான், ஆனால் அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. "போகணும் போகணும்னு நெனச்சுக்கிட்டே இருப்பேன், அப்புறம் யாராவது வீட்டுக்கு வந்துடுவாங்க" என்றார். காரில் ஐந்து பேருக்குத்தான் இடம். திட்டத்தில் இல்லாத ஆள், நான் முகத்தில் ஏதோ காட்டியிருக்க வேண்டும், மனைவி சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் ஓட்டறேன். நீங்களும் பையனும் பஸ்ல வாங்க."

அவர்கள் ஒரு பக்கம் கிளம்ப, நாங்கள் புது பஸ் நிலையத்துக்குப் போனோம். பையனுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. எட்டு மணிக்கு முன்பே கோயில் வாசலில் நின்றோம். கூட்டம் அவ்வளவாக இல்லை. ஆஞ்சநேயர் பதினெட்டு அடி, மேலே கூரை கிடையாது, வெட்டவெளியில் நின்றபடி, மலையடியில் குடைவரைக்குள் இருக்கும் நரசிம்மரைக் கை கூப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையன் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா?" என்று கேட்டான். நனைவார் என்றேன். அது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

காரைக் காணோம். பஸ் நின்று நின்று வந்தது, அவர்கள் எங்களுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். போன் செய்தேன், மகள் எடுத்தாள், "வர்றோம்பா" என்று வைத்துவிட்டாள். 8.40க்கு வந்து சேர்ந்தார்கள். கணக்குப்படி ஐம்பது நிமிடம் அதிகம். இறங்கும்போது அம்மாவின் கண் கொஞ்சம் சிவந்திருந்தது, சின்னம்மா சிரித்துக்கொண்டிருந்தார், பின் சீட்டில் கொய்யாப்பழப் பை ஒன்று இருந்தது, கொய்யா வாங்க ஐம்பது நிமிடம் ஆகாது. எங்கே நிறுத்தினீர்கள் என்று மனைவியிடம் கேட்டேன். "நிறுத்தினோம்" என்றாள். வழி நெடுக அவர்கள் என்ன பேசினார்கள், யார் அழுதது, எதற்கு என்று மகளிடம் கேட்டால், "அது பாட்டிகிட்ட கேளுங்க."

கேட்கவில்லை. வடைமாலை சாத்துவதைப் பார்த்துவிட்டு, நரசிம்மர் சன்னதிக்குப் போனோம். மலைக்கோட்டைக்கு என்னோடு பிள்ளைகள் மட்டும் படியேறினார்கள். பாறையில் செதுக்கிய படி, பிடிக்கக் கம்பி இருக்கிறது, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும். மேலிருந்து பார்த்தால் கீழே நிழலில் இரண்டு புடவைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன.

திங்கள் காலை பதினொன்றுக்குக் கிளம்பியும் ஓசூரில் ஒரு மணி நேரம் நின்றோம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய எக்செல்லைத் திறந்து ஜனவரி நேரங்களை நிரப்பினேன். ஒவ்வொரு வரிக்கும் திட்டம், நடந்தது, வித்தியாசம், காரணம் என்று நான்கு கட்டம். சேலம்–நாமக்கல் வரியில் வித்தியாசம் 50 நிமிடம். காரணம் கட்டத்தை அப்படியே காலியாக விட்டு ஃபைலை மூடினேன்.